மாமையும் பசலையும்: நிழற்படத்தில் நிறம் திருத்தும் கல்வி



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், அதுவும் கவிஞர்கள் நிறைந்த அவையில், நிழற்படத்தின் நிறம் திருத்துவது ஒரு பேசுபொருளா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். தமிழ் அவ்வாறு கருதவில்லை. 'வண்ணம்' என்னும் ஒரே சொல் நிறத்தையும் குறிக்கும். செய்யுளின் ஓசை நடையையும் குறிக்கும். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களை எடுத்துரைக்கிறது. 'நிறம்' என்னும் சொல்லுக்கோ மார்பு என்றும் உயிர்நிலை என்றும் பொருள்கள் உண்டு. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் சினத்தைச் சுட்டும் என்றும், நிறத்தைச் சுட்டவும் வரும் என்றும் உரியியல் கூறுகிறது. எனவே நிறத்தை மாற்றும் தொழில் ஒன்று ஊரெங்கும் பரவுகிறது என்றால், அதைப் பற்றிக் கேட்கும் உரிமை கவிஞர்க்கு உண்டு.

கூடலூர் முதல் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி வரை உள்ள ஊர்களில் திருமணப் படம் எடுக்கும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். பெயர் வேண்டா, அவரைப் போன்றோர் பலர். அவருக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருக்கும் இடம் கைப்பேசி. யூடியூப் 2005-இல் தொடங்கப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத்தின் விலை இறங்கிற்று. அதன்பின் நெடிய பாடங்களைக் காசைப் பற்றிய அச்சமின்றி இரவெல்லாம் காண முடிந்தது. பாடம் நடத்துவோர் சென்னையிலோ கேரளத்திலோ அமெரிக்காவிலோ இருப்பர். இளைஞர் காணொளியை நிறுத்துவார், சற்றுப் பின்னே தள்ளுவார், மீண்டும் ஓட்டுவார். ஆசிரியர் எந்த இழுவையை எந்த எண்ணுக்கு நகர்த்தினாரோ அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்வார். 'ஒயிட் பேலன்ஸ்', 'ஹியூ', 'சாச்சுரேஷன்', 'லூமினன்ஸ்' என்னும் சொற்கள் அவருடைய பேச்சுத் தமிழில் கலந்துவிடும்.

இக்கல்வியை இகழ்தல் தகாது. பழைய ஸ்டூடியோக்களில் தொழில் கற்றல் எளிதாக இருந்ததில்லை. இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் உடன் நிற்க இடம் கிடைப்பதே அரிது. தண்ணீர் எடுத்து வைப்பதும் தட்டுக் கழுவுவதுமாகவே சீடனுக்கு ஆண்டுகள் கழியும். 'டச்சிங்' என்னும் நுட்பத்தைப் பலர் கடைசி வரை பிறருக்குக் காட்டியதில்லை. பெண்களுக்கு அந்த அறையின் கதவு பெரும்பாலும் திறந்ததே இல்லை. இன்று வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே ஒரு பெண் இத்தொழிலைக் கற்கலாம். எந்தச் சாதி, எந்தத் தெரு என்று கேளாத ஆசிரியர் கிடைத்திருப்பதைச் சிறிய செய்தியாகக் கொள்ளல் ஆகாது.

ஆயினும் அவ்வாசிரியர் கற்பிப்பது என்ன என்பதே இவ்வுரையின் கேள்வி.

நிறப்படம் என்பது தொடக்கத்திலிருந்தே கணக்குத்தான். 1861-இல் இலண்டனில் சேம்சு கிளார்க் மாக்சுவெல் ஒரு பட்டைத் துணியின் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கண்ணாடிகளின் வழியே தனித்தனியே எடுக்கச் செய்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி நிறத்தை மீட்டுக் காட்டினார். இன்றைய கைப்பேசிக் கேமராவும் அம்மூன்றையே அளக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். அவ்வெண்களை மாற்றினால் நிறம் மாறும். 1990-இல் நோல் உடன்பிறப்புகள் உருவாக்கிய போட்டோஷாப் வெளிவந்தது. 2007-இல் லைட்ரூம் வந்தது. இருட்டறையின் வேலை இழுவைகளின் வேலையாயிற்று.

காணொளிப் பாடங்களில் முதலாவதாக வருவது ஒயிட் பேலன்ஸ். குண்டு விளக்கின் ஒளி மஞ்சள். நிழலின் ஒளி நீலம். மனிதக் கண் இவ்வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். கேமரா அவ்வாறு செய்யாது. ஆதலால் வெண்மை எது என்பதை அதற்குச் சொல்லித்தர வேண்டும். இந்த அளவில் பாடம் பயனுடையது. ஆனால் 'பொன்னொளி வேளை' என்று வெளிநாட்டு ஆசிரியர் கூறும் மாலை, கம்பம் பள்ளத்தாக்கில் அவர் சொல்லும் நேரத்தில் வருவதில்லை. மேற்கே மலைத்தொடர் சுவராக நிற்கிறது. கதிரவன் அடிவானத்தைத் தொடுமுன்பே மலைக்குப் பின் மறைந்துவிடும். அதன்பின் இருள் சூழும்வரை நெடுநேரம் வயல்களின்மீது கிடப்பது வானத்தின் நீலநிழலே. சமவெளியில் கற்ற பொன்னொளி எண்களை அந்நேரத்துப் படத்தில் இட்டால் நெற்பயிர் துருப்பிடித்த இரும்பைப் போலத் தோன்றும். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல் என்று நிலத்தோடு பொழுதைப் பிணைத்த இலக்கணத்தார், ஒளி இடத்துக்கு இடம் வேறாகும் என்பதை அறிந்தே வகுத்தனர் போலும்.

இப்பொழுது தலையாய பகுதிக்கு வரலாம். லைட்ரூமில் நிறங்களைத் தனித்தனியே திருத்த எட்டு இழுவைகள் உள்ளன: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலப்பச்சை, நீலம், ஊதா, கருஞ்சிவப்பு. பழுப்பு இவற்றில் இல்லை. காரணம் எளியது. வானவில்லில் பழுப்பு கிடையாது. ஒளி குறைந்த ஆரஞ்சே பழுப்பு. மனிதத் தோல், அது எந்நாட்டாருடையதாயினும், பெரும்பாலும் இந்த ஆரஞ்சு வரிசைக்குள்ளேயே அடங்கும். வெளிறிய தோல் ஒளி மிகுந்த ஆரஞ்சு. கருந்தோல் ஒளி குறைந்த ஆரஞ்சு. இதனைக் கண்டுகொண்ட ஆசிரியர்கள் ஒரு குறுக்குவழியைக் கற்பிக்கின்றனர்: ஆரஞ்சின் லூமினன்ஸை ஏற்று, சாச்சுரேஷனை இறக்கு, முகம் 'பளிச்'சென்று ஆகும். திருமணப் படத்துக்கான பாடங்களில் அடிக்கடி காணப்படும் குறிப்பு இது.

இளைஞர் அதனைச் செய்கிறார். மணமகளின் முகம் வெளுக்கிறது. அத்தோடு அவள் கழுத்தில் கிடக்கும் துலுக்கச் சாமந்தி மாலையும் வெளுக்கிறது. பின்னே தெரியும் தேக்குக் கதவு சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. செம்மண் தரை சுண்ணாம்பு கலந்ததுபோல் ஆகிறது. பொன்னின் நிறம் பித்தளையை நெருங்குகிறது. ஏனெனில் அவையெல்லாம் அதே ஆரஞ்சு இழுவையில் கட்டுண்டவை. ஒரு பெண்ணின் கருமையைக் களைய முற்பட்டால், அவளைச் சூழ்ந்த மண்ணின் நிறமும் சேர்ந்தே களையப்படுகிறது. 2022 அளவில் முகத்தோலை மட்டும் மென்பொருள் தானே கண்டறிந்து பிரித்துக் கொடுக்கும் வசதி வந்தது. அதன்பின் கதவும் மண்ணும் தப்பின, முகம் தப்பவில்லை.

சங்க இலக்கியம் பயின்றோர் இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்வர். தலைவியின் அழகுக்குப் புலவர் இட்ட பெயர்களுள் ஒன்று மாமை. மாந்தளிரின் நிறம் என்று அதற்குப் பொருள் கூறுவர். பெரியகுளத்து மாந்தோப்புகளில் தளிர் விடும் பருவத்தில் சென்று பார்த்தால் அச்சொல் விளங்கும்: செம்பும் கருமையும் கலந்த, ஈரம் மின்னும் பழுப்பு. தலைவியை 'மாயோள்' என்றும் அழைத்தனர். முல்லை நிலத்துத் தெய்வத்தை 'மாயோன்' என்றனர். இரண்டும் கருமையின் பெயர்கள்.

அவ்வழகு நீங்கி, தோல் வெளிறி, மஞ்சள் பாய்வதற்குப் பசலை என்று பெயர். அதற்குப் பீர்க்கம்பூவை உவமை கூறினர். அது பிரிவின் நோய். திருக்குறளில் அதற்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் உண்டு. குறுந்தொகையின் 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி வருந்துவது, தன் மாமை தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் பயன்படாமல் பசலைக்கு உணவாகிறதே என்பதற்காகவே. கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் சிந்திய பாலை அவள் உவமையாகக் காட்டுகிறாள்.

ஆரஞ்சின் ஒளியை ஏற்றிச் செறிவை இறக்கும்போது திரையில் நிகழ்வது இதுவேயன்றி வேறன்று. மாமை பசலையாகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நோயின் அறிகுறியாகப் பாடப்பட்ட நிறம், இன்று மணநாளில் ஒப்பனையாகக் கேட்டு வாங்கப்படுகிறது. தலைவன் அருகிலேயே மாலையும் கழுத்துமாக நிற்கும்போது பசலை பூத்த ஒரே தலைவியாக இம்மணமகளைத்தான் கூற வேண்டும்.

இக்குற்றத்தை இளைஞர்மீது மட்டும் சுமத்துவது முறையன்று. படம் பார்க்க வரும் உறவினர் கேட்பது எது? "பொண்ணு கொஞ்சம் கலரா வரணும் தம்பி." இந்த 'கலர்' என்னும் சொல்லைக் கவிஞர்கள் உற்றுநோக்குதல் நன்று. ஆங்கிலத்தில் எல்லா நிறத்துக்கும் பொதுவான சொல், தமிழ்ப் பேச்சில் வெளுப்பு என்னும் ஒரு நிறத்துக்கே உரியதாயிற்று. 'நல்ல நிறம்', 'சிவப்பா இருக்கா' என்பனவும் அவ்வாறே. கருமையுடையவர் 'கலர் இல்லாதவர்' ஆகிவிட்டார். தோலை வெளுப்பாக்கும் என்று விற்கப்பட்ட பூச்சு ஒன்று இந்தியாவில் 1975-இல் வந்தது. 2020-இல்தான் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல் நீக்கப்பட்டது. பெண் பார்க்க அனுப்பப்படும் படம் வெளுக்கப்பட்டு, பின் நேரில் வந்தோர் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில், கூடத்தில் நிற்கும் பெண் அடையும் இழிவு எந்த மென்பொருளின் அளவுகோலிலும் பதிவாவதில்லை.

வெளுக்கும் வேலை கணினியோடு பிறந்ததும் அன்று. கறுப்பு வெள்ளைக் காலத்து நெகட்டிவில் ஒளி தலைகீழாகப் பதியும். வெளிச்சம் கறுப்பாகவும், கருமை தெளிவாகவும் இருக்கும். கருமுகம் அதில் மெல்லிய தெளிந்த பகுதியாக நிற்கும். டச்சிங் செய்பவர் கூரிய பென்சிலால் அத்தெளிந்த பகுதியில் நுண்ணிய புள்ளிகளை இடுவார். பென்சிலின் கருமை ஒளியைத் தடுக்கும். தாளில் அச்சாகும்போது அவ்விடம் வெளுக்கும். முகத்தில் கரியைப் பூசி முகத்தை வெளுப்பாக்கிய அந்தக் கலையை நினைத்தால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. ஆனால் அக்கலைஞர் ஒவ்வொரு முகத்தையும் நெடுநேரம் பார்த்தாக வேண்டும். எங்கே தழும்பு, எங்கே மச்சம், எதை விட வேண்டும் என்று தீர்மானித்தாக வேண்டும். இன்று 'ப்ரீசெட்' எனப்படும் ஆயத்த எண்தொகுப்பு ஒன்றை விலைக்கு வாங்கி, எண்ணூறு படங்களுக்கு ஒரே சொடுக்கில் ஏற்றிவிடலாம். பார்க்காமலே திருத்தும் நிலை இது.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் நிறப்படம் அச்சிடும் கூடங்களுக்கு 1950களிலிருந்து ஓர் அளவைப் படத்தை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைப் பெண் இருப்பாள். அப்படத்தில் முதலில் நின்ற பெண்ணின் பெயரால் அதற்கு 'சர்லி அட்டை' என்று பெயர் வந்தது. அவளுடைய தோல் சரியாக வந்தால் அச்சு சரி. கருந்தோல் மாந்தர் அந்த அளவையில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழல்களாயினர். கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வுரையில் வேறொரு செய்தியையும் கூறுகிறார்: பழுப்பு நிறத்தை நுட்பமாகக் காட்டுமாறு பிலிம் திருந்தியதற்கு உந்துதலாக அமைந்தவை, மரத்தளவாடம் விற்போரும் சாக்லெட் விற்போரும் எழுப்பிய முறையீடுகள். மரத்துக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த நீதி மனித முகத்துக்குப் பின்னரே கிடைத்தது. 2021-இல் கூகுள் தன் கைப்பேசிக் கேமராவில் கருந்தோலைச் சரியாகக் காட்டும் ஏற்பாட்டைத் தனிச் சிறப்பாக விளம்பரம் செய்தது. அதுவரை இருந்த குறையின் ஒப்புதலாகவே அதனைக் கொள்ளலாம். காணொளி ஆசிரியர்கள் பலர் கூறும் 'சரியான தோல் நிறம்' இந்த வரலாற்றின் பேரப்பிள்ளை. சர்லி அட்டையைக் கண்டிராத இளைஞர், சர்லியின் அளவையால் கூடலூர்ப் பெண்ணை அளக்கிறார்.

பச்சைக்கும் இதே கதிதான். 2000-இல் வெளிவந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்னும் அமெரிக்கத் திரைப்படம், முழுவதும் கணினியில் நிறம் திருத்தப்பட்ட தொடக்ககாலப் படங்களுள் குறிப்பிடத்தக்கது. மிசிசிப்பி மாநிலத்தின் பசுமை மிகுந்த கோடையில் எடுத்த காட்சிகளை, வறண்ட காலத்துக் கதைக்கேற்ப ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் மஞ்சள் பூத்த வறட்சியாக மாற்றினார். அங்கே அதற்கொரு கதைக்காரணம் இருந்தது. காரணம் மறைந்து முறை மட்டும் பரவியது. இன்று விற்கப்படும் ப்ரீசெட்டுகள் பலவற்றில் பச்சை மங்கிப் பழுப்பாகவோ நீலமாகவோ ஆகும். 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை எழுந்தபின் நீர் வந்து, இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் வயலை ஒரே தொடுதலில் கரிசல் காடாக்க அவை வல்லவை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொத்திலே தொங்கும் அக்கருநீலத்தின் குறியீட்டையும் படத்திலே காப்பார் இலர்.

இதே மாவட்டத்தில் நிறத்தைக் கண்ணின் மணிபோல் காக்கும் தொழில் ஒன்று நடக்கிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. போடிநாயக்கனூருக்கு வரும் ஏலக்காயின் விலையில் அதன் பச்சைக்குப் பெரும்பங்கு உண்டு. மலையில் பறித்த காயை 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் பக்குவமான சூட்டில் உலர்த்துவது பசுமை கெடாமல் காப்பதற்கே. வெளிறிய காய்க்கு விலை குறைவு. காயில் வெளிறலைக் குறை என்று அறிந்த அதே கண், முகத்தில் வெளிறலை நிறை என்று எவ்வாறு கொண்டது?

கருமையை மறைக்காமலும் காட்டலாம் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. லெனின் பாரதி இயக்கி 2018-இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' இப்பகுதியின் ஏலத்தோட்டத் தொழிலாளரைப் பற்றியது. அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் தேனி ஈஸ்வர். வெயிலில் உழைத்த முகங்கள் அப்படத்தில் உழைத்த முகங்களாகவே வருகின்றன. மலையின் நிறத்துக்கும் அம்முகங்களின் நிறத்துக்கும் பகை இல்லை. இணையத்தில் கற்போர் அப்படத்தின் ஒரு காட்சியை நிறுத்தி வைத்து, நிழல் எவ்வளவு, ஒளி எங்கிருந்து வருகிறது என்று பயின்றால் அது நூறு காணொளிகளுக்கு ஈடாகும்.

கற்பதில் உள்ள வேறொரு சிக்கலையும் சுருக்கமாகக் கூறலாம். ஆசிரியர் தன் திரையில் காணும் நிறமும் மாணவர் கைப்பேசியில் காணும் நிறமும் ஒன்றல்ல. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் வசதியை இயக்கிவிட்டுத் திருத்தினால், அம்மஞ்சளை ஈடுசெய்யக் கை தானாக நீலத்தைக் கூட்டும். காலையில் படம் குளிர்ந்து கிடக்கும். திரையின் வெளிச்சத்தை முழுதும் ஏற்றிவைத்துத் திருத்தினால் ஆல்பம் இருண்டு அச்சாகும். அதைக் கண்ட வீட்டார் கடிந்துகொள்வர். அடுத்த திருமணத்தில் இளைஞர் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். முகம் மேலும் வெளுக்கும்.

இறந்தோர் படத்தைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தானே வண்ணம் தீட்டும் செயலிகள் இப்போது மிகுந்துள்ளன. பாட்டியின் பழைய படத்தைக் கொடுத்தால் நொடியில் வண்ணத்தில் வரும். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது ஒளியின் அளவு மட்டுமே. நிறம் அதில் இல்லை. செயலி தான் முன்பு பார்த்த இலட்சக்கணக்கான படங்களின் பழக்கத்தைக் கொண்டு ஊகிக்கிறது. பாட்டியின் கன்னம் இளஞ்சிவப்பாகிறது. கட்டியிருந்த சுங்குடிச் சேலை ஏதோ ஒரு நீலமாகிறது. அச்சேலை அரக்கு நிறம் என்று அறிந்த ஒரே ஒருவர், அவருடைய மூத்த மகள், கண்ணீர் அஞ்சலிப் பலகையின் முன் நின்று, "அம்மா மாதிரியே இல்லையே" என்று சொல்லக்கூடும். யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டிருந்தால் அரக்கு என்று ஒரே சொல்லில் விடை வந்திருக்கும்.

ஆரஞ்சைத் தொடாமலும் கருமுகத்தைத் தெளிவாக்க வழி உண்டு. அதனையும் அதே காணொளிகளில் சிலர் கற்பிக்கின்றனர். 'ஷேடோஸ்' என்னும் இழுவையைச் சற்றே உயர்த்தினால் நிழலுக்குள் ஒளிந்திருந்த கன்னத்தின் வளைவும், நெற்றியின் வியர்வை மினுக்கமும், கண்ணிமையின் மடிப்பும் வெளிவரும். தோலின் செறிவு அப்படியே நிற்கும். படம் எடுக்கும்போதே முகத்தின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் ஒளி திரும்பி முகத்தில் விழும். அதற்குச் செயலியே வேண்டா. முதல் படத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை மணமகள் கையில் கொடுத்து எடுத்துக்கொண்டால் நடுநிலை எது என்பது தெரிந்துவிடும்.

இவ்வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்விழுவைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் வேண்டும். சாச்சுரேஷனைச் செறிவு என்றும், லூமினன்ஸை ஒளிர்வு என்றும் மொழிபெயர்ப்போர் உளர், அவை பொருந்துவனவே. எட்டு நிறங்களுக்குள் இடம்பெறாத பழுப்புக்கு, ஒளி குறைந்த ஆரஞ்சு என்று கணக்கு சொல்லும் அந்நிறத்துக்கு, மாமை என்னும் சொல் ஆயத்தமாக இருக்கிறது. அச்சொல்லைப் பாட்டில் வையுங்கள். சின்னமனூரிலோ போடியிலோ நள்ளிரவில் மணமகளின் முகத்தின்மேல் விரலை வைத்து நகர்த்தவிருக்கும் இளைஞர் என்றேனும் அப்பாட்டைப் படிக்கலாம்.